முட்டை வண்டியை முந்தியவன்

கல்வராயன் மலையை நான் பிறந்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். ரிஷிவந்தியம் பக்கத்தில் எங்கள் ஊர். மேற்கே திரும்பினால் அதுதான் தெரியும். மழை வருமா என்று அறிய அதைப் பார்ப்போம். நாற்று நடும்போது இடுப்பு வலித்தால் நிமிர்ந்து அதைப் பார்ப்போம். ஆனால் ஐம்பது வயது வரை ஒருமுறைகூட மேலே போனதில்லை. அங்கே எனக்கு என்ன வேலை? போன மாதம் ஒரு வேலை வந்தது. மூன்று நாள் இருந்துவிட்டு வந்தேன். குளிர் எப்படி, அருவி எப்படி என்று தெருவில் கேட்டார்கள். நன்றாக இருந்தது என்று சொல்லி வைத்தேன். மற்றதை அவர்களிடம் வாயால் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பாதி வயது வரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். இப்போது கள்ளக்குறிச்சியில் ஆக்டிங் டிரைவர். கார் வைத்திருப்பவர்கள் வெளியூர் போகும்போது கூப்பிடுவார்கள். அவர்கள் காரை நான் ஓட்டிக்கொண்டு போவேன். எனக்குச் சொந்தம் என்றால் ஒரு பழைய மொபெட்தான். மாதத்தில் பத்து நாள் கார், இருபது நாள் மொபெட்.

ஆகவே பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தால் முதுகு எப்படிக் கூசும் என்று எனக்குத் தெரியும். ஆறு வருடத்துக்கு முன்னால் திருக்கோவிலூர் ரோட்டில் அப்படி ஒரு கார் எங்களை உரசுகிற மாதிரி முந்தியது. நான் பயந்து மண்ணில் இறங்கினேன். மொபெட் சரிந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த என் மனைவி அஞ்சலைக்கு இடது மணிக்கட்டு உடைந்தது. அது ஆறியது, ஆனால் கோணலாக ஆறியது. கார் நிற்கவில்லை. இன்றும் மாவு பிசைய உட்கார்ந்தால் அவள் அந்தக் கையைப் பார்த்துக் கேட்பாள்: "அந்தக் கார்க்காரன் நம்மள ஒரு தடவையாச்சும் நெனச்சிருப்பானாயா?"

"அவன் எங்க நெனைக்கப் போறான்" என்பேன்.

என்னைக் கூப்பிட்டவர் குமரேசன். விதைக்கடை வைத்திருக்கிறார். மலைமேல் கரியாலூரில் ஒரு நிலம் பார்க்க வேண்டும், இரண்டு இரவு தங்க வேண்டும் என்றார். வெள்ளைக் கார். பின் கண்ணாடியில் கடைக்கு அடையாளமாகப் பெரிய பச்சைத் தென்னை மரம் ஒன்றை ஒட்டியிருந்தார். முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து, வறுத்த வேர்க்கடலையை உடைத்து உடைத்துத் தின்றுகொண்டு வந்தார். எனக்கும் கொடுத்தார். நல்ல மனிதர்தான்.

மலை ஏற ஆரம்பித்ததும் காற்று மாறியது. ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கினோம். எங்கேயோ மரவள்ளிக்கிழங்கு வேகிற வாசனை. சமவெளியில் எங்கள் ரோட்டில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் எழுதி வைத்ததில்லை. பெரிய வண்டிக்குத் தார், சின்ன வண்டிக்கு மண். லாரி வந்தால் கார் ஒதுங்கும், கார் வந்தால் பைக் ஒதுங்கும், பைக் வந்தால் சைக்கிள் ஒதுங்கும். ஹாரன் அடித்தால் இறங்கு என்று அர்த்தம். இறங்குகிறவனும் அதைத் தப்பு என்று நினைப்பதில்லை.

மலையில் அப்படி இல்லை. எங்களுக்கு முன்னால் பைக்கில் போன ஒருவர் ஓரத்துக்கு இறங்கவே இல்லை. இடது கையைப் பின்னால் தாழ்த்தி, உள்ளங்கையை எங்களுக்குக் காட்டினார். இரு என்று அர்த்தம். வளைவைத் தாண்டி ஒரு பஸ் இறங்கி வந்தது. அது போனதும், கொஞ்சம் அகலமான இடத்தில் அதே கையை முன்பக்கமாக வீசினார். போ. முந்திப் போனோம்.

"பாத்தியா, மலைக்காரன் டிராபிக் போலீஸ் வேலை பாக்கறான்" என்று குமரேசன் சிரித்தார். நானும் சிரித்தேன். உண்மையில் எனக்கு அது பிடித்திருந்தது. முன்னால் போகிறவனுக்குத்தானே வளைவுக்கு அந்தப் பக்கம் தெரியும்.

அடுத்து வந்தது ஒரு மொபெட். என்னுடையது மாதிரியே பழையது. பின்னால் ஏதோ சுமை, பிளாஸ்டிக் தாளால் மூடி ரப்பர் கயிற்றால் கட்டியிருந்தது. ஓட்டியவர் தாரின் நடுவில், நடக்கிற வேகத்துக்குக் கொஞ்சம் கூட, மெதுவாகப் போனார். நான் இரண்டாவது கியரில் பின்னாலேயே போனேன். குமரேசன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னாய்யா, இவன் பின்னாடியே ஊர்வலம் போய்க்கினு இருக்க? நிலத்துக்காரன் காத்துக்கினு இருப்பான். அடிச்சி ஏறு."

ஹாரன் அடித்தேன். அந்த மனிதர் இடது கையைத் தாழ்த்தி உள்ளங்கையைக் காட்டினார். மறுபடி அடித்தேன். கை அப்படியே இருந்தது. மூன்றாவது முறை ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

எனக்குப் புரியாமல் இல்லை. ஐந்து நிமிடத்துக்கு முன்னால்தான் அந்தக் கையைப் பார்த்து மனதுக்குள் பாராட்டினேன். ஆனால் பக்கத்தில் ஒருவர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மொபெட்காரனுக்குப் பயப்படுகிற டிரைவர் என்று நினைத்துவிடுவாரோ என்று இருந்தது. இன்னொன்றும் இருந்தது. ஒரு மொபெட்காரன் எனக்கு இரு என்று சொல்வதா என்று தோன்றியது. எனக்கா தோன்றியது என்று இப்போது கேட்டால், ஆமாம், எனக்குத்தான் தோன்றியது.

வளைவுக்கு முன்னாலேயே வலது பக்கம் எடுத்து ஏற்றினேன். பாதி முந்தியபோது எதிரில் ஒரு வேன் வளைவிலிருந்து வந்தது. சட்டென்று இடது பக்கம் ஒடித்தேன். மொபெட்டுக்கு இடம் இல்லாமல் போனது. கார் அவரைத் தொடவில்லை. இதை எனக்குள் நூறு முறை சொல்லிக்கொண்டுவிட்டேன். தொடவில்லை. ஆனால் தாரின் ஓரம் மழையில் அரித்து ஒரு சாண் பள்ளமாக இருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். மொபெட் ஓடைப் பக்கம் படுத்திருந்தது. கட்டியிருந்த சுமை சிதறி, தாரில் மஞ்சளாக ஏதோ வழிந்துகொண்டிருந்தது. அந்த மனிதர் ஒரு கையை ஊன்றி எழுந்தார்.

"எழுந்துட்டான், எழுந்துட்டான்" என்றார் குமரேசன். "நிக்காத. நின்னா ஊரே கூடிக்கும்."

நான் நிற்கவில்லை. அவர் சொன்னார் என்பது உண்மை. ஸ்டியரிங் என் கையில் இருந்தது என்பதும் உண்மை.

கரியாலூரில் அவருக்கு ஒரு அறை, எனக்குக் கீழே ஒரு சின்ன அறை. நிலத்துக்காரரைப் பார்த்துப் பேசிவிட்டு அவர் படுத்துவிட்டார். மாலை நான் மட்டும் நடந்துபோய் ரோட்டோரம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். தகரக் கூரை, இரண்டு பெஞ்ச். கடைக்கார அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். பூங்காவனம் என்று கூப்பிட்டார்கள்.

"இன்னா சாப்பிடறீங்க? போண்டா இருக்கு. ஆம்லெட் வேணும்னா சூடா போட்டுத் தரேன். இன்னிக்கு முட்டை ஜாஸ்தி."

குளிருக்கு நன்றாக இருக்கும் என்று இரண்டு ஆம்லெட் சொன்னேன். மிளகு தூக்கலாகப் போட்டுக் கொடுத்தார். இவ்வளவு ருசியான ஆம்லெட்டை நான் கீழே தின்றதில்லை. முதல் ஆம்லெட்டை முடித்தபோது, எதிர் பெஞ்சில் மப்ளர் கட்டிய ஒரு பெரியவர் பேச ஆரம்பித்தார்.

"ஏம்மா பூங்காவனம், உன் வூட்டுக்காரன்தான் ரோட்டுலயே ஆம்லெட் போட்டுட்டானே. நீ எதுக்கு மறுபடியும் அடுப்பு பத்த வெச்சிக்கினு?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. நான் வெளியூர்க்காரன் என்பதால் என்னிடம் சொன்னார். வெளியூர்க்காரனிடம் சொல்வது சுலபம்.

"என் வூட்டுக்காரரு, பேரு வெள்ளையன். முட்டை வேன் அடிவாரத்தோட நின்னுடும். உள்ள இருக்கிற ரெண்டு பள்ளிக்கூடத்துக்குச் சத்துணவு முட்டையை இதுதான் மொபெட்ல கொண்டாறணும். காலங்காலமா குடிச்ச ஆளு. வுட்டு மூணு மாசம் ஆவுது. சமையலம்மா கையைப் புடிச்சி, இனிமே குடிக்காது, நான் பொறுப்புன்னு சொல்லி இந்த வேலைய வாங்கிக் குடுத்தேன். இன்னிக்கு ஆறு அட்டை முட்டையோட வுழுந்து வந்து நிக்குது. நாளைக்குப் புள்ளைங்களுக்கு முட்டை இல்ல. லேசா ஒடைஞ்சதைத்தான் இப்பிடி வித்துக்கினு இருக்கேன்."

"எப்படி விழுந்தாரு?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"ஒரு வெள்ளை காரு தள்ளுச்சாம். பின்னாடி கண்ணாடில தென்னமரம் போட்டிருந்துச்சாம். குடிக்கிற காலத்துலயும் இப்பிடித்தாங்க. மாடு குறுக்க வந்துச்சி, பாம்பு குறுக்க வந்துச்சின்னு வந்து நிக்கும்."

"இன்னிக்குத் தென்னமரம் குறுக்க வந்துச்சி!" என்றார் மப்ளர்காரர். "இந்த மலையில ஏதுடா தென்னமரம்!"

கடையே குலுங்கியது. என் வாயில் இரண்டாவது ஆம்லெட்டின் ஒரு துண்டு இருந்தது. துப்பவும் முடியவில்லை. விழுங்கினேன். மீதியையும் தின்றேன். தட்டில் வைத்தால் ஏன் என்று கேட்பார்களோ என்று பயம்.

திரும்பி வந்ததும் ஒரு காரியம் செய்தேன். காரைக் கிளப்பி, பின்பக்கம் சுவரை ஒட்டி இருக்கும்படி திருப்பி நிறுத்தினேன். தென்னை மரம் சுவரைப் பார்த்துக்கொண்டது. எழுதியதிலேயே இந்த வரியை எழுதத்தான் எனக்கு அதிக நேரம் ஆனது.

இரண்டாம் நாள் நிலம் பார்க்கப் போனோம். கார் போகாத இடம் என்று நிலத்துக்காரரே தன் ஜீப்பில் கூட்டிப்போனார். எனக்கு உள்ளூர நிம்மதி. வழியில் பள்ளிக்கூடம். மதியச் சாப்பாட்டு நேரம். வராந்தாவில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஜீப் நின்ற அந்த ஒரு நிமிடத்தில் ஒரு பெண் குழந்தையைப் பார்த்தேன். தட்டில் இருந்த சாதத்தை விரலால் ஓரம் ஓரமாக விலக்கி, அடியில் தேடிக்கொண்டிருந்தது.

நிலத்துக்காரர் வீட்டில் சாமைச் சோறும் கீரைக் குழம்பும் போட்டார்கள். குமரேசன் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். நான் வயிறு சரியில்லை என்றேன்.

மாலை, இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று டீக்கடைக்குப் போனேன். வெள்ளையன் இருந்தார். ஒல்லியான ஆள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் உரிந்து காய்ந்திருந்தது. கடையின் ஓரத்தில் உட்கார்ந்து, முட்டை அட்டைகளில் காய்ந்து ஒட்டியிருந்த மஞ்சளைச் சுரண்டிக்கொண்டிருந்தார். என்னை அவர் பார்த்தார். அவருக்குத் தெரியவில்லை. அன்றைக்கு அவர் பார்த்தது காரின் முதுகை மட்டும்தானே.

"ஏம்மா" என்று கூப்பிட்டேன்.

"இன்னாங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"டீயில சக்கரை கம்மியா போடும்மா."

டீ வந்தது. கசந்தது. குடித்தேன்.

மப்ளர்காரர் வெள்ளையனிடம் போய்க் குனிந்தார். "ஊது பாக்கலாம்."

"சும்மா இரு மாமா."

"ஊதுடா. குடிக்கலன்னா ஊதறதுக்கு இன்னா?"

வெள்ளையன் மனைவியை ஒருமுறை பார்த்தார். அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு வெள்ளையன் வாயைத் திறந்து அந்தப் பெரியவரின் முகத்தில் ஊதினார். நாற்பத்தைந்து வயது மனிதர், நாலு பேர் நடுவில், மூச்சை ஊதிக் காட்டினார்.

"வாசனை ஒன்னும் இல்ல" என்றார் மப்ளர்காரர். "நேத்து குடிச்சது இன்னிக்கு எப்பிடி வரும்?" மறுபடியும் சிரிப்பு.

பூங்காவனம் பாத்திரத்தை டம் என்று வைத்தார். "போதும் வுடு மாமா. காலையில சமையலம்மா கிட்ட நானே போய்ச் சொல்லிடறேன், வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லி. நான் பொறுப்புன்னு சொன்ன வாய் இது. அந்தம்மா கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடணும்."

வெள்ளையன் அட்டையைச் சுரண்டிக்கொண்டே இருந்தார். அவருக்கு மட்டும் டீ வரவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். நான் டீக்குக் காசு வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் விடிந்ததும் காரை எடுத்தேன். குமரேசன் எழுந்திருக்கவில்லை. பனி இன்னும் விலகவில்லை. வழியெல்லாம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். நான்தான். நான்தான் அது. கடைக்கு முன்னால் வந்ததும், நேற்றைய பெஞ்ச், அதே முகங்கள், அதே மப்ளர். எனக்கு நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கம் இல்லை. சொந்தத் தங்கை கல்யாணத்தில்கூட பந்தலுக்குப் பின்னால் நின்றவன் நான்.

என்ன செய்வது என்று தெரியாமல் காரைத் திருப்பினேன். முன்னும் பின்னும் எடுத்து, பின் கண்ணாடி கடையைப் பார்க்கும்படி நிறுத்தினேன். என்ஜினை அணைத்தேன். இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பேச்சு நின்றது. கண்ணாடியில் பார்த்தேன். மப்ளர்காரர் வாய்க்குக் கொண்டுபோன கிளாஸை அப்படியே பிடித்திருந்தார்.

"டேய்" என்றார். "தென்னமரம்டா."

பிறகு செருப்புச் சத்தம். பூங்காவனம் என் ஜன்னலுக்கு வந்தார். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்ப நல்ல சேலை கட்டியிருந்தார்.

"நீங்களா?"

தலையை ஆட்டினேன்.

"ரெண்டு ஆம்லெட் தின்னீங்களே."

சட்டைப் பையில் இருந்ததையெல்லாம் எடுத்து நீட்டினேன். அதை அவர் பார்க்கவே இல்லை.

"உள்ள வைங்க. எறங்கி வந்து நாலு பேரு எதிர்ல சொல்லுங்க. எனக்கு அது போதும்."

இறங்கினேன். மண்ணைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "அவர் மேல தப்பு இல்ல. கையைக் காட்டி இருன்னாரு. நான்தான் முந்தினேன்."

"சத்தமா சொல்லுய்யா" என்றார் மப்ளர்காரர். இப்போது அவர் குரலில் கேலி இல்லை.

"நான்தான் தள்ளினேன். நிக்காம வந்துட்டேன். அவர் குடிக்கல. நேரா, தார்ல, மெதுவா போய்க்கினு இருந்தாரு."

"முட்டை ஏத்திக்கினு மண்ணுல எறங்க முடியுமா?" என்றார் பூங்காவனம். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. எல்லோரிடமும் சொன்ன மாதிரி இருந்தது. "தார்ல போனாத்தான் முட்டை முட்டையா வரும்."

வெள்ளையன் எழுந்து வந்தார். என் பக்கம் திரும்பவில்லை. நேராகக் காரின் பின்னால் போய், அந்தத் தென்னை மரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ஓலை அஞ்சி" என்றார் மனைவியிடம். "அஞ்சின்னு எண்ணிக்கூடச் சொன்னேன்."

பூங்காவனம் உள்ளே போய் ஒரு டீ ஆற்றி, கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். அவர் குடித்து முடிக்கிற வரை பக்கத்திலேயே நின்றார். மப்ளர்காரர் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். பள்ளிக்கூடத்துக்கு அந்த அம்மா போகவில்லை.

குமரேசன் விஷயம் தெரிந்து கொதித்தார். "உன்னை வண்டி ஓட்டக் கூட்டியாந்தேனா, என் மானத்தை வாங்கக் கூட்டியாந்தேனா? அடுத்த தடவைக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன்." சரிங்க என்றேன். வரும்போது முன்சீட்டில் இருந்தவர், இறங்கும்போது பின்சீட்டில் உட்கார்ந்தார். கடலை வாங்கவில்லை.

நாலாவது வளைவில் முன்னால் ஒரு மொபெட். காலி அட்டைகள் ரப்பர் கயிற்றில் கட்டியிருந்தன. வெள்ளையன், வேறு முட்டை எடுத்துவரக் கீழே போகிறார். உரிந்த கையைத் தாழ்த்தி உள்ளங்கையைக் காட்டினார். இருந்தேன். ஒரு பஸ் ஏறி வந்து கடந்தது. கையை முன்னால் வீசினார். நான் முந்தவில்லை. அடுத்த அகலமான இடத்திலும் வீசினார். முந்தவில்லை. பின்னாலேயே போனேன். பின்சீட்டில் குமரேசன் பெருமூச்சு விட்டார்.

மூன்றாவது இடத்தில் வெள்ளையன் மொபெட்டை நிறுத்திக் காலை ஊன்றித் திரும்பினார். முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னாய்யா, பின்னாடியே வந்தா ஒடைஞ்ச முட்டை ஒட்டிக்குமா? வழி வுட்டா போவணும். போ."

போனேன். ஹாரன் அடிக்கவில்லை. ஒரு ஆள் படுக்கிற அளவு இடம் விட்டு, மெதுவாகக் கடந்தேன். இந்த முறை கண்ணாடியில் அவரைக் கடைசி வரை பார்த்தேன். வளைவு மறைக்கிற வரைக்கும் ஆள் வண்டியில் நேராக உட்கார்ந்து வந்துகொண்டிருந்தார்.

ஊருக்கு வந்து சேர்ந்தபோது அஞ்சலை சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மலை எப்படி என்றாள். குளிர் என்றேன். எதிரில் உட்கார்ந்து அந்தக் கோணல் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாயா அப்பிடிப் பாக்கற?"

"அந்தக் கார்க்காரன் நம்மள ஒரு தடவையாச்சும் நெனச்சிருப்பானான்னு கேப்பியே."

"ஆமா."

"நெனச்சிருப்பான்."

அவள் பிசைவதை நிறுத்தினாள். "உனக்கு எப்பிடித் தெரியும்?"

"கையைக் கழுவிக்கினு வா" என்றேன். "சொல்றேன்."